வெள்ளிக் காசில் சிலுவை: இடைக்கால ஸ்காண்டிநேவிய நாணயங்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சுவீடனில் மேலாரன் ஏரிக்கரையில் சிக்டூனா என்ற ஊர் இருக்கிறது. கி.பி. 995-ஐ ஒட்டி அங்கே அடித்த வெள்ளிக் காசுதான் சுவீடன் அரசர் ஒருவர் தம் பெயரில் வெளியிட்ட முதல் நாணயம். தலைப்பக்கத்தில் ஓலோஃப் ஷோட்கொனுங்கின் முகம். பூப்பக்கத்தில் ஒரு சிலுவை. அதன் நான்கு மூலைகளிலும் மூலைக்கு ஓர் எழுத்தாகப் பிரித்து எழுதிய ‘க்ருக்ஸ்’ என்ற லத்தீன் சொல். சிலுவை என்பதுதான் அந்தச் சொல்லுக்கும் பொருள். பார்த்த மாத்திரத்தில் ‘கிறிஸ்தவ அரசரின் விசுவாச அறிக்கை’ என்று எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் ஓலோஃப் ஹூசபியில் திருமுழுக்குப் பெற்றது 1008-ஐ ஒட்டி என்கிறது மரபு. காசு அதைவிடப் பத்து ஆண்டுக்கு மேல் மூத்தது.

முடிச்சு அவிழ்வது எளிது. இங்கிலாந்து அரசர் எதெல்ரெட் சுமார் 991 முதல் 997 வரை வெளியிட்ட பென்னி என்ற வெள்ளிக் காசை அப்படியே பார்த்து அடித்த காசு இது. சிலுவையும் அங்கிருந்து வந்தது, மூலை எழுத்துகளும் அங்கிருந்து வந்தன. ஆகவே ஸ்காண்டிநேவியக் காசில் ஒரு சின்னம் கண்ணில் பட்டால், அதன் பொருளைத் தேடுவதற்கு முன் அது எதைப் பார்த்து அடித்தது என்று தேட வேண்டும். மூலக் காசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நகல் எந்த இடத்தில் விலகுகிறது என்று பாருங்கள். விலகிய இடத்தில்தான் அடித்தவரின் எண்ணம் இருக்க வாய்ப்பு. கீழே வரும் படிகள் இந்த ஒழுங்கில்தான் போகின்றன.

படி 1: கையில் எடுப்பதற்கு முன்

தேவையான கருவிகள் குறைவு. 0.01 கிராம் வரை காட்டும் தராசு, 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், பிளாஸ்டிக் முனையுள்ள அளவுகோல் இடுக்கி, சாய்வாக வைக்க ஒரு சிறு விளக்கு, மெத்தென்ற துணி. ஒற்றைப்பக்கக் காசுகளைப் பார்ப்பதாக இருந்தால் 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். அவற்றுள் பல 0.1 கிராம்கூட வராது, 0.01 தராசில் 0.06-க்கும் 0.07-க்கும் உள்ள வித்தியாசம் ஆறில் ஒரு பங்குப் பிழையாகிவிடும்.

காசை விளிம்பில் பிடியுங்கள், மேசையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்காதீர்கள். ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி பார்வைக்கு உலோகமாக இருக்கும், உள்ளே அப்பளம்போல் நொறுங்கும் நிலையில் இருக்கும். கலவையில் இருந்த செம்பு மண்ணின் ஈரத்தில் கரைந்து வெளியேறி, படிக எல்லைகளில் நுண்ணிய வெடிப்புகளை விட்டுப் போயிருப்பதுதான் காரணம். வளைந்த காசை நிமிர்த்த முயன்று இரண்டாக உடைத்தவர்கள் ஏராளம். வளைவும் ஒரு சான்று என்பதை ஏழாம் படியில் பார்ப்போம். அதற்காகவும் நிமிர்த்தக் கூடாது.

சுத்தம் செய்வது பற்றி ஒரே அறிவுரைதான்: செய்யாதீர்கள். சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் கறுப்பை எடுக்கும், கூடவே எழுத்தின் விளிம்பையும் தின்னும். பல் துலக்கும் தூரிகை மெல்லிய கீறல்களை விடும். பிறகு பழைய கீறல் எது, புதியது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. ஒட்டியிருப்பது வெறும் மண் என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துத் தானாக உலர விடலாம். சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒட்டியிருப்பது வெள்ளிக் குளோரைடு. அது பழுதுபார்ப்பு நிபுணரின் வேலை. சேமிக்க பி.வி.சி. உறை வேண்டாம். அதிலிருந்து கசியும் அமிலம் பச்சைப் பிசினாகக் காசில் படியும்.

படி 2: எடை, விட்டம், அச்சுக் கோணம்

எடையை முதலில் எழுதுங்கள். காலத்தைச் சுருக்க அதைவிட விரைவான வழி இல்லை. ஆங்கிலேய பென்னியைப் பார்த்து அடித்தவை சுமார் 20 மில்லிமீட்டர் விட்டம், 1 கிராமுக்கும் 1.7 கிராமுக்கும் இடையில். நீலப்பல் ஹரால்டின் சிலுவைக் காசுகள் (கைப்பேசியில் இருக்கும் புளூடூத்துக்குப் பெயர் தந்த அதே டேனிஷ் அரசர்) 0.3 கிராமை ஒட்டியவை, அல்லது அதற்கும் கீழே. நார்வேயில் ஹரால்ட் ஹார்ட்ராடாவின் பென்னி சுமார் 0.9 கிராம், அவர் மகன் ஓலாஃப் கிர்ரே காலத்தில் (1067–1093) அது பாதியாகக் குறைந்தது. சிக்டூனாவில் 1000-க்குப் பின் அடித்தவற்றில் பல சதுரமாக வெட்டிய தகட்டில் அடித்தவை. அவற்றின் எடை பெரிதும் ஏறி இறங்கும். சதுரக் காசைக் கண்டதும் ‘வெட்டிச் சிதைத்தது’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

காசுக் கணக்கு மார்க்கில் ஓடியது: 1 மார்க் = 8 ஓரே = 24 ஓர்டுக். மார்க் என்பது 215 கிராமுக்கு அருகில். ஆனால் அது எடைக் கணக்கு. காசின் வெள்ளி குறையக் குறைய, எண்ணிக் கொடுக்கும் மார்க்கும் நிறுத்துக் கொடுக்கும் மார்க்கும் வேறு வேறாகிவிட்டன. பழைய ஆவணங்களில் இரண்டில் எது என்று பார்க்காமல் பெருக்கினால் விடை தாறுமாறாக வரும்.

அச்சுக் கோணம் என்பது இரு பக்க அச்சுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு திரும்பியிருந்தன என்ற அளவு. அதைப் பார்க்க, தலைப்பக்கத்தை நேராக வைத்து, காசைச் செங்குத்து அச்சில் திருப்புங்கள். பூப்பக்கச் சிலுவைக்கு எது மேல் என்று எப்படித் தெரியும்? எழுத்து தொடங்கும் இடம்தான் மேல். அது கடிகாரத்தில் எந்த மணிக்கு நேராக இருக்கிறதோ அதைக் குறியுங்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளை அடையாளம் காணும்போது இந்தக் குறிப்பு உதவும்.

படி 3: எழுத்தை வாசித்தல்

விளிம்பு எழுத்தில் ஒரு சிறு கூட்டல் குறி இருக்கும். அது தொடக்கச் சிலுவை. வாசிப்பு அங்கிருந்து வலப்புறமாகச் சுற்றும். நம் ஏடுகளில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவதுபோல், ஐரோப்பிய எழுத்தர்கள் சிலுவையிட்டுத் தொடங்கினார்கள். காசில் கிறிஸ்தவச் சின்னத்தைத் தேடுபவர்கள் பலர் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையை மட்டும் பார்த்து இதைத் தவறவிடுகிறார்கள். தலைப்பக்கத்திலும் அது இருக்கும், பெரும்பாலும் அரசர் தலைக்கு நேர் மேலே.

தலைப்பக்கத்தில் அரசர் பெயரும் ‘ரெக்ஸ்’ என்ற பட்டமும் நாட்டின் சுருக்கமும். பூப்பக்கத்தில் நாணயத்துக்குப் பொறுப்பான அச்சாளரின் பெயர், பிறகு அச்சாளர் என்பதைக் குறிக்கும் எம்-ஓ என்ற சுருக்கம், பிறகு ஊர். வாசிப்பில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இவை.

பழைய ஆங்கிலத்தில் ‘வ’ ஒலிக்குத் தனி எழுத்து ஒன்று இருந்தது. பார்வைக்கு அது ‘பி’ என்ற லத்தீன் எழுத்துபோலவே இருக்கும். புதியவர்கள் ‘கோட்பினே’ என்று படிப்பது ‘கோட்வினே’. எஸ் எழுத்து படுத்தோ இடவலமாகத் திரும்பியோ கிடக்கும். ஏ எழுத்தின் குறுக்குக்கோடு காணாமல் போய் தலைகீழ் வி-யாக நிற்கும். என் எழுத்து இரண்டு செங்குத்துக் கோடுகளாகச் சுருங்கும். அச்சில் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்க வேண்டும். செதுக்கியவர் மறந்து நேராகச் செதுக்கிவிட்டால் காசில் வரி முழுவதும் வலமிருந்து இடமாக ஓடும். வாசிக்க முடியாத வரியை ஒரு கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், சில நேரம் சட்டென்று தெளியும்.

எதுவுமே தெளியாமல் வெறும் கோடுகள் வரிசையாக நின்றால், செதுக்கியவருக்கு எழுத்து தெரியாது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட வரியை வலிந்து வாசித்து ஒரு புது அரசரையே உருவாக்கிவிட முடியும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். கோடுகளை உள்ளபடி வரைந்து வையுங்கள்.

அன்று டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட் நகரில், டேனிஷ் அரசர் ஸ்வென் எஸ்ட்ரிட்சன் (1047–1074/76) ஆட்சியின் பிற்பகுதியில் அடித்த காசுகளில், ஸ்காண்டிநேவியரின் பழைய எழுத்தான ரூனும் வரும். தேவாலயம் லத்தீன் பேசிய ஊரில், கிறிஸ்து அமர்ந்திருக்கும் காசில், அச்சாளர் பெயர் ரூனில். ரூன் என்றாலே பழைய மதம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு காசு போதும்.

படி 4: மூலக் காசைக் கண்டுபிடித்தல்

ஸ்காண்டிநேவியர்கள் பார்த்து அடித்த மூலங்களை நான்கு குடும்பமாகப் பிரிக்கலாம்.

முதலாவது டோரெஸ்டாட். இன்றைய நெதர்லாந்தில் இருந்த அந்தத் துறைமுகத்தில் சார்லமேன் பெயரில் அடித்த வெள்ளிக் காசில் உருவமே இல்லை. இரண்டு பக்கமும் எழுத்துதான். அன்றைய டேனிஷ் வணிக நகரமான ஹெடபியில் சுமார் 825 முதல் இதை நகலெடுத்தார்கள். நகலின் நகலில் எழுத்து தேய்ந்து கோடும் வளைவுமாக மாறியது. தகடு மெலிந்து, ஒரு பக்க அடி மறுபக்கமும் தெரியத் தொடங்கியது. இவற்றுக்கு அரை-பிராக்டியேட் என்று பெயர்.

இரண்டாவது, எல்லாவற்றிலும் பெரியது, இங்கிலாந்து. காரணம் கப்பம். ஆங்கிலேயர் டேனியப் படைகளுக்கு 991-இல் 10,000 பவுண்டும், 994-இல் 16,000-மும், 1002-இல் 24,000-மும் கொடுத்ததாக அவர்களுடைய ஆண்டுக்குறிப்பே சொல்கிறது. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. கப்பத்தோடு வணிகமும் கூலியும் சேர்ந்து, அந்த வெள்ளி பால்டிக் கரையெங்கும் இறங்கியது. வடிவம் மாறும் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கடவுளின் கை (சுமார் 979–991), க்ருக்ஸ் (991–997), நீள்சிலுவை (997–1003), தலைக்கவசம் (1003–1009), கடைசிச் சிறுசிலுவை (1009–1017). பிறகு இங்கிலாந்தை ஆண்ட டேனிய அரசர் க்நூட்டின் நாலிதழ், கூர்கவசம், குறுஞ்சிலுவை. எல்லா ஆண்டுகளும் ஏறக்குறைய. ஒரு நகல் தன் மூலத்தைவிட மூத்ததாக இருக்க முடியாது. எனவே மூலம் தெரிந்தால் நகலுக்கு ஒரு கீழெல்லை கிடைத்துவிடும். மேலெல்லை கிடைக்காது. பழைய வடிவத்தைப் பல ஆண்டு கழித்தும் அடித்தார்கள், முகத்துக்கு ஒரு வடிவமும் முதுகுக்கு வேறொரு வடிவமும் கலந்து அடித்தார்கள்.

மூன்றாவது பைசாந்தியம், அதாவது கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசு. நான்காவது ஜெர்மனி, குறிப்பாகப் பேரரசர் ஓட்டோ, பேரரசி அடெல்ஹெயிட் பெயர் தாங்கிய காசுகள். ஒரு பக்கம் தேவாலய முகப்பு, மறுபக்கம் சிலுவையின் மூலைகளில் ஓட்டோவின் பெயர். சுவீடன் புதையல்களில் இவை கூடை கூடையாக வருகின்றன. கையில் இருப்பது ஸ்காண்டிநேவியக் காசுதானா, ஸ்காண்டிநேவியாவில் கிடைத்த ஜெர்மன் காசா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தக் குழப்பம்தான் அதிகம் நடக்கிறது.

995-ஐ ஒட்டி டென்மார்க்கில் ஸ்வெயின், நார்வேயில் ஓலாஃப் டிரிக்வாசன், சுவீடனில் ஓலோஃப் மூவரும் க்ருக்ஸ் வடிவத்தையே எடுத்தார்கள். மூன்று நாட்டுக் காசிலும் அச்சாளர் பெயர் கோட்வினே. ஒரே ஆள் ஊர் ஊராகப் போனாரா, ஒரே பெயரை மூன்று இடத்தில் நகலெடுத்தார்களா என்பது தனி விவாதம். பெயர் ஆங்கிலேயப் பெயர் என்பதில் சந்தேகமில்லை. இங்கிலாந்து அச்சு எது, சிக்டூனா அச்சு எது, லுண்ட் அச்சு எது என்று பிரித்துக் காட்டியதில் பிரிட்டா மால்மரின் அச்சுத்தொடர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே தலையச்சு இரண்டு வெவ்வேறு பூவச்சுகளோடு இணைந்திருந்தால் இரண்டும் ஒரே பட்டறை. அப்படிச் சங்கிலி போட்டுக்கொண்டே போவது அந்த முறை.

படி 5: விலகலைத் தேடுதல்

வேலையின் உயிர்நாடி இதுதான். மூலத்தையும் நகலையும் ஒரே அளவில் படமெடுத்து அருகருகே வையுங்கள். விளக்கைக் காசின் மட்டத்திலிருந்து சுமார் 20 பாகை உயரத்தில், இடது மேல் மூலையில் வைத்து ஒரு படம். பிறகு காசைக் கால் வட்டம் திருப்பி இன்னொன்று. ஒரே ஒளியில் எடுத்த படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண்ணுக்கு மாறித் தெரியும். பிறகு மூன்று கேள்விகள்: நகலில் எது விடுபட்டிருக்கிறது, எது கூடியிருக்கிறது, எது தேய்ந்து உருமாறியிருக்கிறது? விடுபட்டதும் தேய்ந்ததும் கைத்தவறாக இருக்கலாம். கூடியது தற்செயலாக வருவது அரிது.

ஓலோஃபின் காசுக்கே திரும்புவோம். சிலுவை கடன் வாங்கியது, சரி. ஆனால் சிலவற்றில் ஊர்ப்பெயரோடு ‘தெய்’ என்ற சொல் சேர்ந்து ‘கடவுளின் சிக்டூனா’ என்று வாசிக்கக் கிடைக்கிறது. எந்த ஆங்கிலேயக் காசிலும் ஊர்ப்பெயர் அப்படி வருவதில்லை. அதாவது, இந்தக் காசில் கிறிஸ்தவத்துக்குச் சான்று கேட்டால், பூப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் சிலுவையைவிட, விளிம்பில் ஒதுங்கியிருக்கும் அந்தச் சிறு சொல்லே வலுவான சான்று.

நீலப்பல் ஹரால்டின் காசு இன்னும் தெளிவு. யெல்லிங் ரூன் கல்லில் ‘டேனியரைக் கிறிஸ்தவராக்கியவன்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் அவர். ஹெடபி நகல் மரபில் ஊறிப்போன அரை-பிராக்டியேட்டில் 975–985 அளவில் திடீரென ஒரு பெரிய சிலுவை வந்து உட்காருகிறது. டோரெஸ்டாட் காசின் எழுத்து எவ்வளவு தேய்ந்தாலும் இந்தச் சிலுவையாக மாறாது. அரசர் பெயர் எங்கும் இல்லை, பட்டமும் இல்லை. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும் ஒரே குறி மட்டும். 2018-இல் ஜெர்மனியின் ரூகன் தீவில் ஷாப்ரோடே அருகே கிடைத்த சுமார் 600 காசுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை இவர் காலத்தவை.

வட இங்கிலாந்தின் யார்க் நகரைக் கையில் வைத்திருந்த ஸ்காண்டிநேவிய அரசர்களின் காசுகள் ஒரு தனிப் பாடசாலை. 895–905 அளவில் க்நூட் என்ற அரசரின் காசில் (நான்காம் படியில் வந்த க்நூட் அல்ல, அவருக்கு நூறாண்டு முந்தியவர்), அவர் பெயரின் நான்கு எழுத்துகளும் சிலுவையின் நான்கு நுனிகளில் இருக்கின்றன. வட்டமாகச் சுற்றி வாசித்தால் பெயர் வராது. மேல், கீழ், இடம், வலம் என்று வாசித்தால் வரும்: நெற்றி, மார்பு, இரு தோள் என்று சிலுவையடையாளம் போடும் அதே வரிசை. காசை வாசிப்பவன் கண்ணாலேயே சிலுவை போட்டுவிடுகிறான். இதைச் செதுக்கியவர் தேவாலயத்தோடு நெருங்கியவராகத்தான் இருக்க வேண்டும். அதே காலத்து யார்க் காசில் ‘அற்புதங்கள் செய்தார்’ என்ற திருப்பாடல் வரியும் உண்டு.

அதே நகரில் 920-களில் புனித பேதுருவின் பெயரில் அடித்த காசில் அரசர் பெயரே இல்லை. பேதுருவின் பெயரை நடுவே ஒரு வாள் பிரிக்கிறது. சிலவற்றில் கூடவே பழைய நோர்ஸ் கடவுள் தோரின் சுத்தியல். ‘பாதி மதம் மாறியவர்கள்’ என்று இதை எளிதாக முடித்துவிடுவது வழக்கம், அது அவசரம். காசைக் கையில் வாங்கும் இரண்டு கூட்டத்துக்கும் ஏற்கத்தக்க குறியைப் போடுவது வணிக நகரத்துக்குப் புதிதல்ல. 939–941-இல் ஆண்ட ஓலாஃப் குத்ஃப்ரித்சனின் காசில் தலைப்பக்கம் விரித்த சிறகோடு ஒரு பறவை, பெரும்பாலோர் நோர்ஸ் கடவுள் ஓடினின் அண்டங்காக்கை என்பார்கள். பட்டம் லத்தீன் ‘ரெக்ஸ்’ போய், ஸ்காண்டிநேவியரின் மொழியான நோர்ஸில் ‘குனுங்க்’. திருப்பினால் வழக்கமான சிறு சிலுவை. பறவையும் பட்டமும் விலகல், சிலுவை வழக்கம். எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை இந்த ஒரு காசிலேயே பழகிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பகுதி இன்னும் விசித்திரம். அங்கே அரசர் எட்மண்டை டேனியர்கள் கொன்றது 869-இல். ஒரு தலைமுறைக்குள், அதே டேனியர் ஆட்சியில், ‘புனித எட்மண்ட் அரசரே’ என்று அவரை விளித்து எழுதிய காசு வெளிவருகிறது. 1840-இல் கண்டெடுத்த குவர்டேல் புதையலில் மட்டும் இத்தகையவை ஏறக்குறைய 1,800.

கடவுளின் ஆட்டுக்குட்டி காசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1009-இல் வைக்கிங் தலைவர் டோர்க்கெலின் பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியபோது நாடு முழுவதும் நோன்பும் மன்றாட்டும் அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டில்தான் எதெல்ரெட்டின் முகத்தை எடுத்துவிட்டு ஒருபக்கம் ஆட்டுக்குட்டியும் மறுபக்கம் தூய ஆவியின் புறாவும் வைத்த காசு சிறிது காலம் அடிக்கப்பட்டது. இன்று இருப்பவை மிகச் சிலவே. அவற்றுள் பெரும்பாலானவை ஸ்காண்டிநேவியா, பால்டிக் பகுதிகளில் கிடைத்தவை, பல துளையிட்டோ வளையம் வைத்தோ கழுத்தில் அணிந்தவை. எந்தப் படைக்கு எதிராக அந்த மன்றாட்டோ, அந்தப் படையின் ஊரிலேயே காசு தாயத்தாகியிருக்கிறது. பின்னர் ஹார்தக்நூட், ஸ்வென் எஸ்ட்ரிட்சன் காலத்து டேனிஷ் காசுகளிலும் இந்த ஆட்டுக்குட்டி வந்தது. வேறு வழியாக 14-ஆம் நூற்றாண்டு விஸ்பி ஓர்டுக் காசிலும் கொடியேந்திய ஆட்டுக்குட்டி உண்டு. அது கோட்லாந்துத் தீவின் முத்திரைச் சின்னத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

கை வடிவக் காசில் மேகத்திலிருந்து இறங்கும் கையின் இருபுறமும் இரண்டு கிரேக்க எழுத்துகள் இருக்கும். ‘அகரமும் னகரமும் நானே’ என்ற திருவெளிப்பாட்டு வரியின் முதலும் முடிவுமான எழுத்துகள் அவை. நகல்களில் இரண்டாவது எழுத்து பெரும்பாலும் சிதைந்து எதுவென்றே தெரியாமல் போகும். செதுக்கியவருக்குக் கிரேக்கம் தெரியாது என்பதைத் தவிர அதில் வேறு பொருள் தேட வேண்டாம்.

லுண்டில் ஸ்வென் எஸ்ட்ரிட்சனின் ஒரு வகை, பைசாந்தியப் பேரரசர் நான்காம் மிக்கேலின் தங்கக் காசைப் பார்த்து வெள்ளியில் அடித்தது: தலைமை வானதூதர் பேரரசருக்குக் கொடி கொடுக்கும் காட்சி. மறுபக்கம் சிலுவை ஒளிவட்டத்தோடு கிறிஸ்து. கான்ஸ்டாண்டிநோபிளில் பேரரசரின் மெய்க்காவலான வரங்கியக் காவற்படையில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த தங்கம் வடக்கே புழங்கிய காலம் அது. அந்தப் படையில் இருந்த ஹரால்ட் ஹார்ட்ராடாவோ நார்வேயில் (1046–1066) முகத்தை விட்டுவிட்டு, மூன்று வளைவுகள் பின்னிய முடிச்சை வைத்தார். மூவொரு கடவுளின் குறி என்று அதைப் படிப்பது பொருந்தும். ஆனால் அதே முடிச்சு கிறிஸ்தவத்துக்கு முந்திய வடக்கத்திய கலையிலும் உண்டு, மறுபக்கச் சிலுவையையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். அந்தக் காசில் வெள்ளி பாதிதான் தேறும் என்று ஐஸ்லாந்துக் கதை ஒன்றில் ஹால்டோர் ஸ்னோரசன் என்ற வீரர் சம்பளத்தை வைக்கோலில் வீசி எறிகிறார். திரித்துவ முடிச்சு செம்புக் கலப்பைத் தடுக்கவில்லை.

கிறிஸ்தவத்துக்கு வெளியிலிருந்தும் இதே விதிக்கு ஒரு சான்று உண்டு. 1999-இல் கோட்லாந்தின் ஸ்பில்லிங்ஸில் கிடைத்த 67 கிலோ வெள்ளிப் புதையலில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள், பெரும்பாலும் இஸ்லாமிய திர்ஹம்கள். அவற்றுள் யூத மதத்தைத் தழுவிய கஸார் நாட்டு நகல் ஒன்றில் ஒரு வரி மட்டும் மாறியிருக்கிறது: ‘மோசே இறைவனின் தூதர்’. மற்றதெல்லாம் நகல். அந்த ஒரு வரிக்காகத்தான் காசே அடித்ததுபோல் இருக்கிறது.

படி 6: ஆயரின் கோலும் புனிதரின் கோடரியும்

12-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வேலை மாறுகிறது. வெளிநாட்டு மூலத்தைத் தேடும் தேவை குறையும், உள்ளூர் உரிமையைத் தேடும் தேவை கூடும். டேனிஷ் காசில் ஒருபக்கம் அரசர், மறுபக்கம் வளைகோல் பிடித்த ஆயர் வந்தால், அந்த நாணயச்சாலை வருமானத்தில் ஆயருக்குப் பங்கு உண்டு என்று பொருள். லுண்ட், ரோஸ்கில்ட, ரீபெ காசுகளில் இது வாடிக்கை. 13-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை வந்த டேனிஷ் உள்நாட்டுப் போர்க் காசுகளில் கோல், ஆயர் தொப்பி, சாவி, சிலுவை எல்லாம் வரும். வெள்ளிதான் வராது, நிறமே செம்பாகிவிடும். அங்கே சமயச் சின்னத்தைப் பக்தியாக வாசிப்பதைவிடக் கணக்குப் புத்தகமாக வாசிப்பது நல்லது.

ஒற்றைப்பக்கக் காசை மெத்தென்ற பரப்பில் வைத்து மேலிருந்து அடித்தார்கள்; பின்பக்கம் குழிவான நிழல் மட்டும் இருக்கும். சிலர் அந்தக் குழிப் பக்கத்தைப் படமெடுத்து, இடவலம் மாறிய சின்னத்தைப் புது வகை என்று பதிந்திருக்கிறார்கள். மேடு எந்தப் பக்கமோ அதுதான் முகம்.

புனிதர்களை அடையாளம் காண எளிய வழி கையில் இருக்கும் பொருள். கோடரி என்றால் 1030-இல் ஸ்டிக்லெஸ்டாடில் மாண்ட நார்வேயின் புனித ஓலாஃப். ஸ்டாக்ஹோம் ஓர்டுக்கில் முடியணிந்த தலை என்றால் புனித எரிக். அங்கே எழுத்தும் சேர்த்தே சொல்லிவிடும்.

படி 7: காசின் மறுபிறவி

அடித்த பிறகு காசுக்கு என்ன நடந்தது என்பதையும் பதிய வேண்டும். கத்தி முனையால் குத்திய சிறு பிறை வடிவத் தழும்புகள் இருந்தால், யாரோ வெள்ளி மென்மையாக இருக்கிறதா, மேற்பூச்சா என்று சோதித்திருக்கிறார். நம் ஊரில் உரைகல்லில் உரசினார்கள், அங்கே குத்தினார்கள், வளைத்தார்கள். அரையாகவும் காலாகவும் வெட்டிய துண்டுகளில் வெட்டு சிலுவையின் கையோடு ஒட்டிப் போகும். சிலுவை அங்கே வெட்டுக்கோடாகவும் உதவியது.

துளையோ வளையமோ இருந்தால், தொங்கவிடும்போது எந்தப் பக்கம் நேராக நிற்கும் என்று நூல் கட்டாமலே கணக்கிடுங்கள். முகம் சாய்ந்து, சிலுவை நேராக நின்றால், அணிந்தவர் காட்ட விரும்பியது சிலுவையை. அரசர் எந்த எண்ணத்தில் அடித்திருந்தாலும், அணிந்தவரின் எண்ணத்துக்கு இது நேரடிச் சான்று. திர்ஹம்களில் கத்தியால் கீறிய சிலுவையும் உண்டு, சுத்தியலும் உண்டு. சாய்ந்த ஒளியில்தான் தெரியும்.

கிடைத்த இடமும் பேசும். நார்வேயின் லோம் மரத்தேவாலயத் தரைக்கு அடியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. மெல்லிய ஒற்றைப்பக்கக் காசு கை தவறினால் பலகை இடுக்கில் மறைந்துவிடும். காணிக்கைப் பெட்டிக்குப் போகும் வழியில் விழுந்ததா, வேண்டுமென்றே போட்டதா என்பதைத் தரையில் எந்த இடத்தில் குவிந்திருந்தது என்பதை வைத்து ஆராய்கிறார்கள்.

படி 8: போலியைப் பிரித்தல்

அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் செங்குத்தாக இருக்கும், உலோகம் விளிம்பை நோக்கி ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும். வார்த்த போலியில் ஓரம் சோப்புக்கட்டிபோல் மழுங்கி, ஊசிமுனை அளவுக் குமிழிகள் இருக்கும்; விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம் இருக்கும். இரண்டு காசில் ஒரே குத்துத் தழும்பு ஒரே இடத்தில் இருந்தால் பேச்சே இல்லை. ஒரே அச்சில் ஆயிரம் காசு அடிக்கலாம், ஒரே குத்தை இரண்டு முறை குத்த முடியாது.

நீரில் நிறுத்து அடர்த்தி பார்க்கும் முறையைச் சிறு காசுக்கு நம்பாதீர்கள். 1.2 கிராம் நல்ல வெள்ளிக் காசு இடம்பெயர்க்கும் நீர் சுமார் 0.115 கிராம். தராசு 0.01 பிசகினால் விடை ஒன்பது சதவீதம் பிசகும். வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள இடைவெளியே பதினைந்து சதவீதம்தான். அருங்காட்சியகத்தில் இருக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி நல்லது. அதுவும் மேற்பரப்பை மட்டும் பார்க்கும். மேற்பரப்பில் செம்பு கரைந்து போயிருப்பதால், உள்ளதைவிடக் கூடுதல் வெள்ளியைக் காட்டும்.

படி 9: சட்டம்

வாங்கும் முன் காசு எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். நார்வேயில் 1650-க்கு முந்திய காசு கண்டெடுத்தால் அது அரசுடைமை. டென்மார்க்கில் நில உரிமையாளர் அனுமதியோடு உலோகம் தேடலாம், ஆனால் இடைக்காலக் காசு ‘டானஃபே’. ஒப்படைத்தே ஆக வேண்டும், வெகுமதி கிடைக்கும். சுவீடனில் கருவியைக் கையில் எடுக்கவே மாகாண நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

படி 10: பதிவேடு

ஒரு காசுக்கு ஒரு அட்டை. முதல் பகுதியில் எடை, விட்டம், அச்சுக் கோணம், கிடைத்த இடம். இரண்டாவதில் எழுத்து, கண்ணுக்குத் தெரிந்தபடி. ஊகித்த எழுத்துக்கு அடியில் கோடு. மூன்றாவதில் மூலக் காசு. நான்காவதில் விலகல், எதுவும் இல்லை என்றால் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். ஐந்தாவதில் தழும்பு, வளைவு, துளை. ஆறாவதில்தான் சின்னத்தின் பொருள், அதையும் பென்சிலில் எழுதுங்கள். அச்சுச் சங்கிலியில் இன்னொரு கண்ணி கிடைத்துப் பொருள் மாறினால், அட்டையில் அழிக்க வேண்டியிருப்பது அந்த ஆறாவது பகுதி மட்டும்தான்.